கொழும்புக்கு இந்தப் பக்கம் ஒரு வீடு

மகள் போன் எடுத்தபோது நான் தேயிலை மலையில் நின்றேன். பகல் கொழுந்து நிறுக்க இறங்கும் நேரம். கூடையை முதுகில் வைத்துக்கொண்டே பேசினேன்.

"அம்மா, லீவு முடியப் போவுது. வேலைக்கு வரச் சொல்லிட்டாங்க. நீ வாறியா, இல்லையா? ரெண்டுல ஒன்னு சொல்லு."

"வாறதுன்னா எத்தனை நாளைக்கு?"

"நாள் கணக்கு இல்லம்மா. ஒரேயடியா வந்துரு."

பின்னால் நின்ற கங்காணி, "போன் பேசினா கொழுந்து தானா கூடையில ஏறுமா?" என்று சத்தம் போட்டார். பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

எனக்கு ஒரே மகள். கார்மன்டில் தைக்கிறாள். மருமகன் ஆட்டோ ஓட்டுகிறார். ஹங்வெல்லைக்கு அடுத்து, பஸ் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு பெரிய வீட்டின் பின்பக்கத்தை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். பேரன் அப்போது இன்னும் குப்புற விழவில்லை.

மகள் அந்த இடத்தைக் கொழும்பு என்பாள். என் வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார். "கொழும்பு அங்கேருந்து இன்னும் ஒரு பஸ்ஸு. அது கொழும்புக்கு இந்தப் பக்கம்" என்பார்.

அன்று சாயங்காலம் அவரிடம் சொன்னேன். ரொட்டியைப் பிய்த்துச் சம்பலில் தொட்டுக்கொண்டிருந்தார்.

"நீ போ" என்றார். "நான் வரல."

"நான் போனா நீங்க எங்க இருப்பீங்க?"

"அத ஏன் என்னக் கேக்குற?"

வேறு யாரைக் கேட்பது.

வெளியாட்களுக்கு இது விளங்காது. அதனால் சொல்கிறேன். எங்கள் தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர் என்போம். கொழுந்து குறைந்தால் அரைப் பேர். பொழுது சாய்ந்து வந்தால், "இன்னைக்குப் பேர் விழுந்துச்சா?" என்றுதான் கேட்பார்கள். தோட்டத்தில் பதிந்து வேலை செய்வதையும் பேர் என்போம். பேர் இருந்தால் லயத்தில், அந்த நீள வரிசை வீட்டில், ஒரு அறை, ஒரு காம்பரா இருக்கும். வேலைக்கு நின்றுவிட்டால் பேர் வெட்டுவார்கள். குற்றம் செய்தவர்களுக்கும் அதைத்தான் செய்வார்கள்.

என் வீட்டுக்காரர் மலையில் மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டினவர். முட்டி போய்ப் பென்சன் எடுத்துவிட்டார். எங்கள் காம்பராவில் வேலைக்குப் போகும் பேர் என்னுடையது மட்டும்தான்.

முன்பு இதைப் பெரிதாகப் பார்க்க மாட்டார்கள். பேர் இல்லாதவர்களும் லயத்தில் இருந்தார்கள். அந்த வருசம் பெய்த மழையில் மேல் லயத்தின் பின்னால் மண் இறங்கிவிட்டது. ஆளுக்குச் சேதமில்லை. காம்பராக்கள் போயின. அந்தக் குடும்பங்கள் கோயில் மண்டபத்திலும் சொந்தக்காரர் வீடுகளிலும் ஒண்டிக்கொண்டு இருந்தன. வேலைக்குப் பேர் இல்லாத காம்பராக்களை அவர்களுக்குக் கொடுப்போம் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். அதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது.

நான் போனால் என் பேர் வெட்டப்படும். பேர் வெட்டினால் அவருக்குக் கூரை இல்லை. நான் போகாவிட்டால் மகள் வேலையை விட வேண்டும். இவ்வளவுதான் விசயம். இதை வைத்துக்கொண்டு எத்தனையோ நாள் தூங்கவில்லை.

"புள்ளைய இங்க கொண்டாந்து விடு" என்று மகளிடம் சொல்லிப் பார்த்தேன். "பிள்ளைக்காம்பராவுல பாத்துக்குவாங்க. நீயும் அங்கதான வளந்த."

"நான் எறங்கி வந்ததே எம் புள்ள லயத்துல வளரக்கூடாதுன்னுதான்" என்றாள்.



வீட்டுக்காரர் ஏன் வரமாட்டேன் என்கிறார் என்பது எனக்குத் தெரியும். சின்னப் பிள்ளையாக இருக்கும்போது அவரைக் கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கு விட்டிருந்தார்கள். படுக்கை குசினியில், அடுப்பு ஓரத்தில். ஒருநாள் அங்கிருந்து ஓடி ரயில் ஏறிவிட்டார். தலவாக்கலையில் இறங்கத் தெரியாமல் நானுஓயா வரை போய், அங்கிருந்து கேட்டுக் கேட்டு நடந்து வந்தாராம். கல்யாணம் முடித்த புதிதில் ஒரு தடவை சொன்னார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே இல்லை. கொழும்பு என்ற வார்த்தை வந்தால் எழும்பி வெளியே போய்விடுவார்.

பக்கத்துக் காம்பராக்காரி பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது கேட்டாள்.

"அக்கா, மககிட்ட போறீங்களாமே?"

"யாரு சொன்னா?"

"செவுரு சொல்லுச்சு. நம்ம செவுருக்குத்தான் வாய் இருக்கே."

எங்கள் லயத்தில் சுவர் கூரைவரை போகாது. இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் தண்ணீர் கொடுப்பார்கள்.

"இன்னும் முடிவு இல்ல தங்கச்சி."

"முடிவு பண்ணா மொதல்ல என்கிட்ட சொல்லுங்க. ஆபீசுக்குத் தெரியிறதுக்கு முந்தி. வெக்கத்த விட்டுக் கேக்குறேன்."

அவள் மகன் கல்யாணம் முடித்து மேல் லயத்தில் இருந்தவன். மண் இறங்கியதும் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு அம்மா காம்பராவுக்கு வந்துவிட்டான். ஏற்கெனவே அதில் நிறைய ஆட்கள். புதுப் பெண் என்னோடு ஒரே கும்பலில் கொழுந்து எடுக்கிறவள். அதிகம் பேச மாட்டாள். காலையில் அவளைப் பார்த்தாலே தெரியும், நீட்டிப் படுத்திருக்க மாட்டாள்.

"அண்ணனும் ஒங்களோட வருவாருல்ல?" என்று கேட்டாள் பக்கத்துக் காம்பராக்காரி.

குடம் நிறைந்துவிட்டது. தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

உள்ளே வந்ததும் அவர், சுவருக்குக் கேட்கிற மாதிரி, "காக்கா மாதிரி ஒக்காந்திருக்கா" என்றார்.

அந்தப் பக்கத்திலிருந்து, "காக்காவுக்கும் கூடு வேணும்ல அண்ணே!" என்று பதில் வந்தது.

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. அந்தப் பக்கத்தில் சிரித்தார்கள்.

மகள் சொன்னாள், ஒரு வாரம் வந்து இருந்து பார் என்று. பேர் பதிகிற கணக்கப்பிள்ளையிடம் லீவு கேட்டேன்.

"போயிட்டு வா" என்றார். "ஆனா இழுத்தடிக்காத. போறதுன்னா போறேன்னு சொல்லிரு. மாசக் கடைசியில ஆபீஸ்ல காம்பரா கணக்கு எடுக்குறாங்க. பேர் வெட்டுற அளவுக்கு வச்சுக்காதம்மா."

அவர் நல்லதற்குத்தான் சொன்னார்.

அட்டன் வந்து கொழும்பு பஸ் ஏறினேன். வளைவெல்லாம் இறங்க இறங்கச் சூடு ஏறியது. ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்தேன். பிறகு அதைப் பைக்குள் திணித்தேன். அந்த வாரம் முழுவதும் அதை வெளியே எடுக்கவில்லை.

வீடு நன்றாகத்தான் இருந்தது. குளிர்ச்சியான சிமெந்துத் தரை. குழாயைத் திறந்தால் உள்ளேயே தண்ணீர். கேஸ் அடுப்பு. முன்வீட்டில் மேல்மாடியில் வீட்டுச் சொந்தக்கார அம்மா இருந்தார். சிங்களவர். மகள் அவரை ஆன்ட்டி என்றாள். எனக்கு அந்த வார்த்தை வரவில்லை. சிங்களத்தில் சொல்வது போல நோனா என்றேன். கேட்டுக்குப் பூட்டு. மகளிடம் ஒரு சாவி, நோனாவிடம் ஒரு சாவி.

பழகிப் பார்க்கலாம் என்று மகள் அந்த வாரமே வேலைக்குப் போனாள். காலையில் எனக்கு, தோட்டத்தில் பேர் கூப்பிடும் பெரட்டு நேரத்துக்கு விழிப்பு வந்துவிடும். எழும்பிப் போக எங்கும் இல்லை. கதவைத் திறந்தால் நாய் குரைத்தது. மறுபடி மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

முதல் நாள் நோனா மேலிருந்து எட்டிப் பார்த்தார். உடைந்த தமிழில் கேட்டார்.

"நீ பிள்ளை பாக்க வந்ததா? எந்த ஊர்? நல்லா சம்பளம் குடுக்குமா?"

"மகே துவ" என்றேன். என் மகள். அவ்வளவு சிங்களம் எனக்கு வரும்.

அவர் முகம் மாறிவிட்டது. "அனே, அம்மாத?" என்றார். ஐயோ, அம்மாவா என்று. சாயங்காலம் ஒரு பப்பாசிப்பழம் கொடுத்து அனுப்பினார். நல்ல மனுசிதான். நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் பழத்தை வெட்டும்போது அவர் நினைவு வந்தது. என் வீட்டுக்காரர். அவரை இந்த வாசலில் நிறுத்தி யாராவது அப்படிக் கேட்டால் என்ன செய்வார் என்று யோசித்தேன்.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ. காலையில் மழை பெய்து வெளித்திருந்தது. உள்ளே புழுக்கம். பேரன் அழுதான். அவனைத் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தில் நடந்தேன். முற்றத்தின் ஓரத்தில் வெட்சி வேலி. இடுப்பளவு, தேயிலை நிற்கிற உயரம். மழை பட்டு நுனியெல்லாம் செம்புநிறத்தில் தளதளவென்று இருந்தது. நான் வேலியோரமாக நடந்து ஏதோ பாடினேன். பேரன் தூங்கிவிட்டான். இறக்கினால் விழிப்பான் என்று நடந்துகொண்டே இருந்தேன். என் மனம் லயத்தில் இருந்தது. அவர் சாப்பிட்டிருப்பாரா, மாசக் கடைசிக்கு இன்னும் எவ்வளவு நாள், கணக்கப்பிள்ளைக்கு என்ன சொல்வது.

மடி கனத்தது. அப்போதுதான் குனிந்து பார்த்தேன்.

சேலை முந்தியை மடி கட்டியிருந்தேன். அது நிறைய வெட்சிக் கொழுந்து. எப்போது கட்டினேன் என்று தெரியாது. கேட்டிலிருந்து கிணறு வரை வேலியைப் பார்த்தேன். ஒரு நுனி இல்லை. மலையில் எடுத்து முடித்த நிரை மாதிரி மட்டமாக நின்றது.

மலையில் ஒரு தடவை சிறுத்தை குறுக்கே வந்தபோதுகூட நான் அப்படிப் பயப்படவில்லை.

மேலிருந்து நோனாவின் குரல். "மே மொக்கத? கவுத மேக்க களே?" இது என்ன, யார் செய்தது என்று. பிறகு இறங்கி வந்தார். மடியைப் பார்த்தார். வேலியைப் பார்த்தார். "மல் நே" என்றார். பூ இல்லை. "போயாவுக்கு மல் நே." பௌர்ணமிக்குப் புத்தர் கோயிலுக்கு, பன்சலைக்கு, கொண்டுபோகிற பூ அந்த வேலியில்தான் பூக்குமாம். மொட்டு எல்லாம் நுனியில்தான். எல்லாம் என் மடியில் இருந்தது.

மடியை அவிழ்த்துக் கீழே கொட்டினேன். அது இன்னும் மோசமாகப் போய்விட்டது. குப்பை கொட்டினது போலாகிவிட்டது. பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டே குனிந்து அள்ளினேன்.

மகள் வேலை முடிந்து வந்தபோது நோனா கேட்டில் நின்றார். நானும் பக்கத்தில் நின்றேன். மகள் சிங்களத்தில் மன்னிப்புக் கேட்டாள். அவள் கேட்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. நோனா என்னைப் பார்த்துவிட்டு மகளிடம் கேட்டார்.

"ஒயாலா வத்தென்த?" நீங்கள் தோட்டத்து ஆட்களா?

மகள் உடனே, "நுவரெலியா, ஆன்ட்டி" என்றாள்.

நோனா என் பக்கம் திரும்பினார். என்னிடமும் கேட்பது போல இருந்தது.

"ஓவ் நோனா" என்றேன். "தே வத்த." ஆமாம், தேயிலைத் தோட்டம்.

மகள் என்னைப் பார்க்கவில்லை. நோனா தலையை ஆட்டினார். பிறகு மகளிடம் கொஞ்ச நேரம் பேசினார். கோபமாக இல்லை. அந்தப் பேச்சு எனக்குப் பிடிபடவில்லை. உள்ளே வந்து கதவைச் சாத்திய பிறகு மகள் சொன்னாள்.

"வீடு குடுத்தது எங்க மூணு பேருக்குத்தானாம். நீ இங்கயே இருக்கப் போறியான்னு கேக்குறாங்க. மாசக் கடைசிக்குள்ள சொல்லணுமாம்."

அங்கேயும் மாசக் கடைசி.

மகள் மெதுவாகத்தான் பேசினாள். அவள் சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நாங்க இங்க வந்து இத்தன நாளா ஒரு ஆளுக்கும் சொல்லல. நீ ஒரு வார்த்தையில சொல்லிட்ட."

"கேட்டாங்க. சொன்னேன்."

"கேட்டா சொல்லணுமா?"

"பொய் சொல்லணும்னா மொதல்லயே சொல்லிக் குடுத்திருக்கணும்."

"இவங்க வீட்டக் குடுக்குறதுக்கு முந்தி எத்தனை வீட்டுல இல்லன்னு சொன்னாங்க தெரியுமா ஒனக்கு? தமிழ்னு சொன்னதும் இல்ல. தோட்டம்னு தெரிஞ்சா பேசவே மாட்டாங்க. ஒரு வேலிய வச்சு எல்லாத்தையும் கெடுத்துட்ட."

மருமகன் சட்டையைக் கழற்றிக்கொண்டே, "அத்தை, நாளைக்கு எதுத்த வீட்டு வேலியையும் எடுத்துருங்க. முழுப் பேர் போட்டுறலாம்" என்றார்.

மகள் பார்த்த பார்வையில் அவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

நான் சோற்றுப் பானையை அடுப்பில் வைத்தேன். யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை அவள் வேலைக்குப் புறப்பட்டாள். கேட்வரை போனவள் திரும்பி வந்தாள். பிள்ளைக்கு இன்னொரு தடவை பால் கொடுத்தாள். அவன் குடிக்கவில்லை, வாயில் வைத்துக்கொண்டு தூங்கினான். எடுத்தால் அழுதான். பஸ் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். எழும்பவில்லை.

"அம்மா, நேத்துக் கோவத்துல பேசிட்டேன்."

"சரி."

"நீ வரலைன்னா நான் வேலைய விடணும். விட்டா திரும்ப எடுக்க மாட்டாங்க. இவரு ஒருத்தர் ஓட்டி இந்த வாடகை குடுக்க ஏலாது. அப்ப நாங்களும் மேல வந்துருவோம். அதையும் யோசிச்சுக்க."

பிள்ளையை என் கையில் கொடுத்தாள். அவள் சட்டை முன்னால் நனைந்திருந்தது. சால்வையைப் போட்டு மறைத்துக்கொண்டு ஓடினாள்.

அவள் பிறந்தபோது நானும் இப்படித்தான் விட்டுவிட்டுப் போனேன். பிள்ளைக்காம்பராவில் தொட்டிலில் போட்டுவிட்டு மலைக்கு ஏறுவேன். பால் கட்டிக்கொண்டு வலிக்கும். இடையில் ஓடி வந்து கொடுத்துவிட்டு ஓடுவேன். கங்காணி ஏசுவார். அந்தக் காலத்தில் என் அம்மாவும் மலையில்தான் நின்றாள். வாம்மா என்று கூப்பிட எனக்கு யாரும் இல்லை. இவளுக்கு நான் இருக்கிறேன். அதை நினைத்துக்கொண்டு அந்தக் காலை முழுவதும் உட்கார்ந்திருந்தேன். முற்றத்துப் பக்கம் போகவில்லை.

வாரம் முடிந்து ஏறி வந்தேன். அவர் அடுப்பில் தேத்தண்ணி வைத்திருந்தார். எனக்கும் ஊற்றினார். வேலி விசயத்தைச் சொன்னேன். அவர் முதலில் நம்பவில்லை. பிறகு சிரித்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"மடி கட்டிக்கிட்டா?"

"ஆமா."

"கங்காணி இல்லாமலே எடுத்திருக்கியே!"

சுவருக்கு அந்தப் பக்கமும் சிரிப்புக் கேட்டது. "அக்கா, நிறுவைக்குப் போடலையா?" என்றாள் பக்கத்துக் காம்பராக்காரி.

சிரிப்பு அடங்கியதும் அவர் கேட்டார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஒன்ன எங்க படுக்க வச்சாங்க?"

"கட்டில்ல. புள்ளையோட."

"குசினில இல்லையா?"

"இல்ல."

தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். கோப்பையைக் கழுவி வைத்தார்.

"அப்ப சரி" என்றார்.

எது சரி என்று சொல்லவில்லை. நானும் வருகிறேன் என்று சொல்வார் என நினைத்துக் காத்திருந்தேன். மறுநாளும் சொல்லவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. நான் கேட்கவில்லை. கேட்டால், வரல என்று இன்னொரு தடவை சொல்லுவார். அதைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. ஒரே காம்பராவில் இரண்டு பேரும் உப்பு எடு, கதவைச் சாத்து என்று மட்டும் பேசிக்கொண்டு இருந்தோம். சுவருக்கு அந்தப் பக்கமும் பேச்சுக் குறைந்துவிட்டது. அவர்களும் காது கொடுத்துக்கொண்டு இருந்தார்கள்.

பெரட்டில் கணக்கப்பிள்ளை ஒவ்வொரு நாளும் என் முகத்தைப் பார்ப்பார். நான் குனிந்துகொள்வேன். மகள் போன் எடுத்தால், "ஆன்ட்டி கேட்டாங்க" என்பாள். அவ்வளவுதான் பேசுவாள்.

வீட்டுக்காரரிடம் கடைசியாக ஒன்று கேட்டுப் பார்த்தேன். அவர் காம்பராவுக்கு முன்னால் உள்ள இஸ்தோப்பில் உட்கார்ந்து முட்டிக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

"அங்க சூடு. முட்டிக்கு நல்லது."

"முட்டி சொல்லுச்சா?"

"நான் சொல்லுறேன்."

"முட்டி வேணும்னா வரும். நான் வரல."

எழும்பி உள்ளே போனேன். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. இந்த ஆள் வரமாட்டார். மகள் விடமாட்டாள். யாரிடமும் கேட்டுப் பிரயோசனம் இல்லை என்று அப்போது பட்டது.

மாசக் கடைசிக்கு முந்திய காலை. பெரட்டுக் களத்தில் பனி. ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியாது. கணக்கப்பிள்ளை எந்த மலைக்கு யார் என்று பிரித்துக்கொண்டிருந்தார். என் கும்பலைக் கூப்பிட்டபோது நான் முன்னால் போனேன்.

"ஐயா, எம் பேர வெட்டிருங்க."

அவர் பேனையை நிறுத்தினார்.

"என்னம்மா பண்ணித் தொலச்ச?"

"ஒன்னும் பண்ணல. மாசத்தோட வெட்டிருங்க. மககிட்ட போறேன்."

"பேர் வெட்டாதீங்கன்னு கால்ல விழுந்தவங்களப் பாத்திருக்கேன். வெட்டுங்கன்னு வந்து நிக்கிற மொத ஆளு நீதான்."

யாரோ சிரித்தார்கள். பிறகு அடங்கிவிட்டது. எல்லோருக்கும் அடுத்த கேள்வி தெரியும். கணக்கப்பிள்ளை அதைக் கேட்டார்.

"அப்ப காம்பரா? அண்ணன் எங்க இருப்பாரு?"

காம்பராவுக்குக் கொஞ்ச நாள் தவணை கேட்கலாம் என்று நினைத்து வந்திருந்தேன். வாயைத் திறந்தேன். வார்த்தை வரவில்லை.

"காம்பராவ பக்கத்துக் காம்பரா மகனுக்குக் குடுங்க" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

திரும்பினேன். அவர் நின்றார். கம்பை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினார். பென்சன் எடுத்த நாளிலிருந்து அவர் பெரட்டுக் களத்துக்கு ஏறியதே இல்லை. எப்போது ஏறி வந்தார் என்று யாரும் பார்க்கவில்லை.

பக்கத்துக் காம்பராக்காரி கூடையோடு முன்னால் வந்தாள். அவள் முகம் என்னவோ போலாகிவிட்டது. இவ்வளவு நாள் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, அப்ப நீங்க?"

"இஸ்தோப்பு இருக்குல்ல. அதுல ஒரு பக்கத்த எனக்கு அடைச்சுக் குடு. ஒம் மருமக எனக்கு ஒரு வாய் சோறு போட மாட்டாளா?"

"இஸ்தோப்பு எதுக்குண்ணே? உள்ள எடமில்லையா?"

"கல்யாணம் முடிச்ச புள்ளைக. நான் எதுக்கு நடுவுல?"

கும்பல் சிரித்தது. அந்தப் புதுப் பெண் தலையில் போட்டிருந்த கொங்காணியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

நான் அவர் பக்கத்தில் போனேன்.

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே."

"நீ என்கிட்ட சொன்னியா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. கணக்கப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டு நின்றார், பேர் கூப்பிடுவதற்கு நிற்கிற ஆள் மாதிரி.

கணக்கப்பிள்ளை பேர்ப் புத்தகத்தைப் புரட்டினார். "அந்த மருமகப் புள்ளைக்குப் பேர் இருக்கு. கேக்கலாம். தொரைகிட்ட நான் சொல்றேன். எழுத்துல குடுக்கச் சொன்னாலும் சொல்லுவாங்க. பாப்பம்" என்றார். பிறகு குரலை உயர்த்தினார். "என்ன எல்லாரும் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? மலைக்குப் போங்க."

போனோம்.

எங்களுக்கு அன்று பெரட்டுக் களத்துக்கு மேலே உள்ள மலை. நிரை பிடித்து நின்றால் லயத்துக்கு இறங்கும் படி முழுவதும் தெரியும். பனி விலகிக்கொண்டிருந்தது. அவர் இறங்கிக்கொண்டிருந்தார். முட்டிக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம். கம்பை முதலில் கீழே வைப்பார். பிறகு நோகிற கால். பிறகு மற்றக் காலை இறக்குவார். அப்படியே நின்று மூச்சு வாங்குவார்.

பாதிப் படியில் நின்றுவிட்டார். நகரவில்லை.

எனக்குப் பக்கத்து நிரையில் நின்ற புதுப் பெண் அதைப் பார்த்தாள். கூடையைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கி ஓடினாள். கங்காணி கத்தினார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவருக்குப் பக்கத்தில் போய் நின்று தோளைக் கொடுத்தாள். வேண்டாம் என்று அவர் கையை ஆட்டுவது தெரிந்தது. அவள் போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் அவள் தோளில் கையை வைத்தார்.

"அந்த நிரைய யாரு எடுக்குறது?" என்றார் கங்காணி.

"நான் எடுக்குறேன்" என்றேன்.

இரண்டு நிரைக்கும் நடுவில் நின்று, இந்தக் கையால் இந்தப் பக்கமும் அந்தக் கையால் அந்தப் பக்கமும் எடுத்துக்கொண்டு போனேன்.